தள்ளிப்போன நாட்கள்

தமிழிலே மாதவிடாயைக் குறித்து வழங்கும் சொற்களை ஓரிடத்திற் சேர்த்துப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி எளிதிற் புலனாகும். தூரம், விலக்கு, தீட்டு, வீட்டுக்கு வெளியே இருத்தல் என இவை யாவும் அந்நாட்களிலே பெண் எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சொல்லுகின்றன. அவளுடைய உடலிலே என்ன நிகழுகின்றது என்பதைச் சொல்லுவதில்லை. இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 299ஆம் பாடலிலே பொன்முடியார், போர்க்களத்தில் முன்னேறாது ஒதுங்கிநின்ற குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்திலே கலங்களைத் தொடாது ஒதுங்கிநிற்கும் மகளிரை உவமையாக்கினார். தொல்காப்பியக் கற்பியலும் பூப்புக்குப் பின்னுள்ள பன்னிரு நாட்களைப் பற்றிப் பேசுகின்றது. எனினும் அங்கும் பேச்சு, தலைவன் அந்நாட்களிலே எங்கிருத்தல் வேண்டும் என்பதைப் பற்றியதே.

மாதவிடாய் வருவதற்கு இத்தனை சொற்கள் இருக்க, அது வராமைக்கு எங்கள் தோட்டங்களிலே ஒரேயொரு பேச்சுவழக்குத்தான் உண்டு. 'குளிக்காம இருக்கா' என்பர். அதற்குப் பொருளும் ஒன்றே: அவள் கருவுற்றிருக்கிறாள். மணமான பெண்ணைப் பற்றி இதனைச் சொல்லும்போது குரலிலே மகிழ்ச்சி இருக்கும். மணமாகாதவளையோ, கைம்பெண்ணையோ, கணவன் வெளியூரில் இருப்பவளையோ பற்றிச் சொல்லும்போது அதே சொற்கள் தீர்ப்பாகிவிடும். கவலையினாலும் பசியினாலும் உறக்கமின்மையாலும் ஒரு பெண்ணின் நாட்கள் தள்ளிப்போகலாம், நின்றே போகலாம் என்ற உண்மைக்கு எங்கள் பேச்சிலே இடமில்லை. சொல் இல்லாத இடத்திலே சந்தேகம் வந்து குடியேறிவிடுகின்றது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

எல்கடுவ மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே உள்ளது. கண்டியிலிருந்து வத்தேகம வழியாகவும், மாத்தளையிலிருந்து உக்குவெல வழியாகவும் அங்கே ஏறிச் செல்லலாம். ஹுன்னஸ்கிரிய நீர்வீழ்ச்சியைக் காணவரும் உல்லாசப் பயணிகள் பனிமூட்டத்தையும் பச்சைத் தேயிலைச் சரிவுகளையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். அச்சரிவுகளிலே கூடை சுமந்து நிற்கும் பெண்களையும் படம் பிடிப்பதுண்டு. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனமோ அரசின் பொறுப்பிலேயே தங்கிவிட்ட சிலவற்றுள் ஒன்று. அரசின் பொறுப்பில் எஞ்சிய இத்தோட்ட நிறுவனங்கள் தொழிலாளரின் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் செலுத்தாது நிலுவை வைத்தமை நாடாளுமன்றக் குழுக்களிலே பலமுறை பேசப்பட்ட செய்தி. நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு, வரவேண்டிய பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பெண்ணுடைய மனம் எந்நிலையில் இருக்கும் என்பதை அறிய மருத்துவ நூல் வேண்டியதில்லை.

நான் அப்பகுதி லயமொன்றிலே பிறந்து வளர்ந்தவள். எங்கள் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளி ஓர் அக்கா இருந்தார். கணவர் கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குப் போய்விட, இரண்டு பிள்ளைகளையும் படுக்கையிலிருந்த மாமியாரையும் தனியே பார்த்துக்கொண்டிருந்தார். குழுக்கடன் எடுத்திருந்தார், வாரந்தோறும் கடன்காரர் வந்து, குழுவிலுள்ள பெண்கள் யாவரையும் ஒருத்தியின் வாசலிலே கூட்டித் தவணையை வாங்கிச் செல்வர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஆகையால் அந்த வாசலிலே கடன்காரரைவிட அயலவரின் முகங்களே அதிகம் சுட்டன. அவ்வருடம் அந்த அக்காவுக்கு மாதவிடாய் நின்றுபோயிற்று. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். தண்ணீர்ப் பீலியடியிலே துணி அலசும்போது யார் எதை அலசுகிறார்கள், எதை அலசவில்லை என்பது லயத்துக்கு மறைவன்று. "புருசன் ஊருல இல்ல, இவ மூணு மாசமா குளிக்கல" என்று முதலில் யார் சொன்னாரோ அறியேன். நான்காம் மாதத்திலே அச்செய்தி கொழும்புக்கே போய்விட்டது.

வயிறு பெருக்கவில்லை, குழந்தை பிறக்கவில்லை. ஒன்பதாம் மாதமளவிலே மாதவிடாய் மீண்டும் வந்தது. ஆனால் அதற்குள், 'கலைச்சிருப்பா' என்ற இரண்டாவது தீர்ப்பும் எழுதப்பட்டாயிற்று. இரத்தம் வராதது ஒரு குற்றத்துக்குச் சாட்சியாயிற்று. வந்தது வேறொரு குற்றத்துக்குச் சாட்சியாயிற்று. அவர் அவ்வருடம் பட்ட பாட்டுக்கு மட்டும் அது சாட்சியாக ஏற்கப்படவில்லை.

மருத்துவம் இதைப்பற்றி அறிந்திருப்பது சிறிதன்று. மாதவிடாயின் தொடக்கம் கருப்பையிலே என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது மூளையிலே தொடங்குகின்றது. மூளையின் அடியிலே பரிவகக்கீழ் என்றொரு சிறு பகுதி உண்டு. மாதவிடாய்ச் சக்கரத்தின் முற்பாதியிலே அது ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் ஓமோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடும். அத்துடிப்பைக் கேட்டுக் கபச்சுரப்பி இயங்கும். கபச்சுரப்பியின் ஏவலைக் கேட்டுச் சூலகம் முட்டையை முதிர்விக்கும். சூலகம் சுரக்கும் ஓமோன்களால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். கரு தங்காவிடின் அச்சுவர் உதிரும். பிரட்டுக்களத்திலே காலையிலே கொடுக்கும் உத்தரவு கணக்கப்பிள்ளை வழியாகவும் கங்காணி வழியாகவும் மலைக்குப் போய்ச் சேருவதைப் போன்றது இவ்வொழுங்கு. மேலே உத்தரவு பிறக்காவிடின் கீழே வேலை நடவாது.

உளநெருக்கீடு கைவைப்பது இந்த மேலிடத்திலேதான். அச்சமும் ஓயாத கவலையும் உள்ளபோது அதே பரிவகக்கீழ் வேறோர் ஓமோனை மிகுதியாக விடுகின்றது. அதன் ஏவலால் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் கோட்டிசோலைச் சுரக்கின்றன. ஆபத்திலே ஓடவும் போராடவும் உதவுவது அது. புலியைக் கண்டவனுக்கு அரைமணி நேரம் அது வேண்டும். கடன்காரரை வாரந்தோறும் காண்பவளுக்கு அது அடங்குவதே இல்லை. இவ்வாறு நீடித்த நெருக்கீடு, இனப்பெருக்கத்தை ஏவும் துடிப்பை மந்தமாக்கிவிடும். துடிப்பு மிகவும் தளர்ந்தால் மாதவிடாய் நின்றுவிடும். ஓரளவு தளர்ந்தால் முட்டை வெளிப்படாமற் போகும். முட்டை வெளிப்படாவிடின் கருப்பைச் சுவரை அடக்கி ஒழுங்காக உதிர்விக்கும் புரோஜெஸ்தரோன் சுரக்காது. சுவர் வளர்ந்துகொண்டே போய், நாட்கடந்து, ஒழுங்கின்றிப் பெருக்கெடுக்கும். ஒருத்திக்கு நின்றுபோவதும் இன்னொருத்திக்கு இருபது நாள் ஓயாது போவதும் ஒரே வேரிலிருந்து கிளைக்கக்கூடும் என்பது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம்.

ஹான்ஸ் செலியே என்பார் 1936இல், பலவகைத் துன்பங்களுக்கும் உடல் ஒரேவகையான மறுமொழியைத் தருகின்றது என்று எலிகளிலே கண்டு எழுதியதிலிருந்தே நெருக்கீடு பற்றிய நவீன ஆய்வு வளர்ந்தது என்பர். ஆனால் பெண்கள் விடயத்திலே ஆய்வுகூடத்துக்கு முன்னரே போர் பாடம் நடத்திவிட்டது. முதலாம் உலகப்போரின்போதே ஜெர்மானிய மருத்துவர் இதற்கு 'போர்க்கால மாதவிடாயின்மை' என்று பெயரிட்டிருந்தனர். இரண்டாம் உலகப்போரில் ஹொங்கொங்கை யப்பானியர் கைப்பற்றியபின், 1942 முதல் 1945 வரை ஆங்கிலேயரையும் ஏனையோரையும் ஸ்டான்லி என்னுமிடத்திலே அடைத்துவைத்தனர். அம்முகாமிலே தாமும் அடைபட்டிருந்த அன்னி சிடன்ஹாம் என்ற பெண் மருத்துவர், அங்குள்ள பெண்களுள் மிகப் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனதைக் குறித்துவைத்து, 1946இல் பிரித்தானிய மருத்துவ இதழிலே வெளியிட்டார். நாசிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமிலும், 1944–45 பஞ்ச மாரியிலே ஒல்லாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2008இல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தின் பின்னரும் மருத்துவர்கள் இளம்பெண்களிடம் இதே ஒழுங்கின்மையைக் கண்டனர்.

இங்கே ஒரு தடை எழலாம். முகாம்களிலே நிகழ்ந்தது பட்டினியின் விளைவா, மனத்துயரின் விளைவா? இரண்டும் என்பதே விடை. பிரித்துக் காண்பது எளிதன்று. உணவின் பங்கைத் தனியே அளந்தவர்கள் உண்டு. 2003இல் ஆன் லௌக்ஸ் என்ற உடலியலாளரும் அவருடன் ஆய்ந்தவரும் வெளியிட்ட முடிவின்படி, உண்ட உணவின் சக்தியிலிருந்து உழைப்புக்குச் செலவானதைக் கழித்தபின், கொழுப்பு நீங்கிய உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோகலோரி எஞ்சவேண்டும். அதற்குக் குறைந்தால் சில நாட்களுக்குள்ளேயே மேற்சொன்ன துடிப்புக் குழம்பத் தொடங்குகின்றது. கொழுப்பு நீங்க 35 கிலோ உள்ள ஒரு சிறுகூட்டுப் பெண்ணுக்கு, மலை ஏறி, கொழுந்து பறித்து, சுமந்து இறங்கியபின் 1,050 கிலோகலோரி மிஞ்சவேண்டும் என்பது இதன் பொருள். காலையிலே ஒரு ரொட்டியும் வெறுந்தேநீரும், பகலிலே பிள்ளைகளுக்குப் போக மிஞ்சியது, இரவிலே எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டியது என்று வாழ்பவள் இக்கணக்கிலே தேறுவாளா என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

தேநீர் என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைப் பெரிதும் குறைத்துவிடும். ஒரு மாதவிடாயிலே சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர் குருதி வெளியேறும். 80ஐத் தாண்டினால் மிகைப்போக்கு என்பர். நெருக்கீட்டினால் நாட்கள் குழம்பிப் பெருக்கெடுப்பவள், இரும்புச்சத்துக் குறைந்த உணவை வெறுந்தேநீரோடு உண்பாளாயின், குருதிச்சோகை வருவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. குருதிச்சோகை வந்தால் மலையேறும்போது மூச்சிரைக்கும். மூச்சிரைத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும். பேர் குறைந்தால் கவலை கூடும். உலகுக்கே தேநீர் கொடுக்கும் கைக்கு அத்தேநீரே ஓர் இடையூறாக அமைந்தது விந்தையான செய்திதான்.

'பேர்' என்பதைத் தோட்டத்துக்குப் புறம்பானவர்களுக்கு விளக்கவேண்டும். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் ஒரு நாள் பேர் செக்ரோலிலே விழும், குறைந்தால் அரைப்பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச்சம்பளம் 1984இலேதான் கிடைத்தது. அதன்பின்னரும் பெண்ணின் உடலைக் கணக்கில் எடுக்காத விதிகள் பல இருந்தன. எடுத்துக்காட்டாக 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தைப் பார்ப்போம். நாட்சம்பளம் 730 ரூபா. அதிலே அடிப்படைச் சம்பளம் 500, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30, எஞ்சிய 60 ரூபா வரவுக்கான கொடுப்பனவு. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்குக் குறையாமல் வந்தால் மட்டுமே அந்த 60 ரூபா உரியதாகும். மாதத்திலே 24 நாள் வேலை என்றால் 18 நாள் வரவேண்டும். 17 நாள் வந்தவள், வந்த நாட்களுக்கும் சேர்த்து 1,020 ரூபாவை இழப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல், வைத்தியசாலையிலே ஒரு நாள், மரணவீடு ஒன்று எனச் சில நாட்கள் ஏற்கெனவே போயிருக்கும். அதன்மேல் வயிற்றுவலியோடு ஒரு நாள் படுத்தால், அந்த ஒரு நாள் பதினேழு நாட்களையும் தொட்டுவிடும். ஆதலின் வலியோடே மலைக்குப் போவாள். 2019 ஒப்பந்தத்திலே இக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. எனினும் பேருக்கும் அரைப்பேருக்கும் இடையிலுள்ள கிலோக்கணக்கின் அச்சம் நீங்கவில்லை.

வலியை ஏன் பேசுகின்றேன் எனில், நெருக்கீடு நாட்களை மட்டுமன்றி நோவையும் கூட்டுகின்றது. சீனாவிலே நெசவாலைப் பெண்களை மாதக்கணக்காகத் தொடர்ந்து அவதானித்து 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று, முந்திய மாதத்திலே மிகுந்த நெருக்கீட்டுக்கு ஆளானவர்களுக்கு அடுத்த மாதவிடாயிலே வலி ஏற்படும் வாய்ப்பு, அவ்வாறில்லாதவர்களைவிட இருமடங்குக்கு மேல் என்று கண்டது. இன்றைய வலி சென்ற மாதத்துக் கவலையின் வட்டி என்று இதனைச் சொல்லலாம். நெசவாலையையும் தேயிலை மலையையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள், மலையிலே கூரை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். மழையிலே படங்கு கட்டிக்கொண்டு, அட்டை கடிக்க, குளவிக்கு அஞ்சி நிற்கும் மலைகளிலே மலசலகூடம் இருப்பது அரிது. துணி மாற்ற ஒதுக்கிடம் தேடி இறங்கி ஏறினால் அரைமணி நேரக் கொழுந்து போய்விடும். அதற்காகவே அந்நாட்களிலே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களை நான் அறிவேன். என் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

அண்மைய வருடங்கள் நெருக்கீட்டுக்குக் குறைவைக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் செடிகள் சோர்ந்தன. அவ்வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு, 2022இலே ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. கொழுந்து இல்லாத செடியிலே கிலோ தேடினார்கள் பெண்கள். 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2018 செப்டெம்பர் வரை இறக்குமதித் துவாய்கள்மீது நூறு வீதத்துக்கு மேல் வரி இருந்ததும், அது பின்னர் குறைக்கப்பட்டதும் பத்திரிகைகளிலே பெரிதாகப் பேசப்பட்டன. 2022இல் அரிசியா துவாயா என்ற கேள்வியிலே அரிசியே வென்றது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தது. மலையகமெங்கும் மண் சரிந்தது; நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மழை பலத்துப் பெய்யும் இரவுகளிலே, லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்கும் பழக்கம் எங்கள் பெண்களுக்கு முன்பும் இருந்தது. இப்போது அது சிறு தூறலுக்கும் வந்துவிட்டது. அப்படி விழித்திருந்தவர்களிடம் பின்வந்த மாதங்களிலே நாட்கள் ஒழுங்காக வந்தனவா என்று கேட்டுக் குறித்துவைத்தவர் எவருமுண்டோ?

இவ்வளவும் சொன்னபின் ஒரு கண்டிப்பும் வேண்டும். எல்லாவற்றையும் 'கவலைதான் காரணம்' என்று தள்ளிவிடுவது, எதையும் கவலையென்று ஒப்பாததைப் போலவே கொடுமையானது. மாதவிடாய் நின்றால் முதலிலே கருத்தரிப்பை ஆராய வேண்டும். அதிலே வெட்கத்துக்கு இடமில்லை. தைரொயிட் கோளாறு, சூலகங்களிலே நீர்க்கட்டிகள் தோன்றும் நிலை, நீடித்த வேறு நோய்கள் ஆகியனவும் நாட்களைக் குழப்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் பலருக்கு மாதவிடாயை நிறுத்திவிடும். போடும்போதே இதனைச் சொல்லாமையால் அஞ்சியவர் பலர். நாற்பதைத் தாண்டியவளுக்குப் பெருக்கெடுத்தால் கருப்பைக் கட்டியையும் புற்றையும் தேடாமல் விடலாகாது. இவற்றையெல்லாம் விலக்கியபின்னரே நெருக்கீடு காரணம் என்று முடிவுசெய்வது மருத்துவ முறை. அவ்வாறு முடிவானபின்னும் அது 'ஒன்றுமில்லை' ஆகிவிடாது. பல மாதம் மாதவிடாய் நின்றவளுக்கு ஈத்திரோசன் குறைவதால் எலும்பு மெலியும். முதுகிலே சுமை தூக்கிப் பிழைப்பவளுக்கு எலும்பைவிட வேறு முதல் ஏது?

எங்கள் வீட்டிலே அம்மாயியின் மருத்துவம் எள்ளும் கருப்பட்டியும். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருடத்திலே எனக்கு நான்கு மாதம் வரவில்லை. இரவு இரண்டு மணி வரை குப்பிவிளக்கிலும் கைத்தொலைபேசி வெளிச்சத்திலும் படிப்பேன்; இம்முறை சித்தியடையாவிடின் அடுத்தமுறை என்பது எங்கள் வீட்டிலே இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாயி எள்ளுருண்டை பிடித்துத் தந்தார். பப்பாசி தின்னச் சொன்னார். "ஒடம்பு சூடு புள்ள" என்றார். பின்னர், விளக்கை வாங்கி அணைத்துவிட்டு, "பத்து மணிக்கு மேல படிப்பு வேணாம், தூங்கு" என்றார். எள்ளிலே இரும்பும் எண்ணெயும் உண்டு. ஆனால் அந்த மருத்துவத்திலே வேலைசெய்தது விளக்கை அணைத்ததுதான் என்று இன்று எண்ணுகின்றேன்.

இவ்வெண்ணத்துக்கு ஆதாரமும் இல்லாமலில்லை. அமெரிக்காவிலே சாரா பெர்கா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், வேறு நோயின்றி நெருக்கீட்டினால் மாதவிடாய் நின்ற 16 பெண்களை இரு பிரிவாக்கினர். எட்டுப் பேருக்கு மருந்தேதும் கொடாது, உணவு, உடற்பயிற்சி, தம்மைப்பற்றிய எதிர்பார்ப்பு, அச்சம் ஆகியவற்றைப் பேசித் திருத்தும் உளவியற் சிகிச்சையை அளித்தனர். ஏனைய எட்டுப் பேரை அவதானித்தல் மட்டும் செய்தனர். முதற்பிரிவிலே ஏழு பேருக்கும் மற்றதிலே இரண்டு பேருக்கும் சூலகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2003இல் வெளிவந்த இம்முடிவு சிறியதோர் ஆய்வின் முடிவுதான். எனினும் பேச்சினால் சூலகம் விழிக்கும் என்று காட்டியது சிறிய செய்தியன்று. ஆனால் இதனை அப்படியே எங்கள் மலைக்குக் கொண்டுபோக முடியுமா? எதிர்பார்ப்புக்களைத் திருத்திக்கொள் என்று கடனிலிருப்பவளிடம் சொல்வது நகைப்புக்குரியது. அவளுடைய அச்சம் தவறான எண்ணமன்று, சரியான கணக்கு. அங்கே சிகிச்சையின் பாதி வைத்தியரிடத்திலும், மறுபாதி செக்ரோலிலும் கடன் ஏட்டிலும் இருக்கின்றது.

விடுமுறை கொடுத்தால் தீருமே என்பர் சிலர். யப்பான் 1947ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்திலேயே மாதவிடாய் விடுமுறையைச் சேர்த்தது. இந்தியாவிலே பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 1992இல் மாதம் இரண்டு நாள் வழங்கியது. நல்லதே. ஆனால் நாட்கூலிக்காரிக்குச் சம்பளமில்லாத விடுமுறை, பெயர் மாற்றிய பட்டினியே.

இதழைப் படிக்கும் மாணவியர் இது மலையகத்துக் கதை என்று ஒதுக்கிவிடமாட்டார்கள் என நம்புகின்றேன். வீட்டைவிட்டு விடுதிக்கு வந்த முதல் வருடத்திலே நாட்கள் தவறும் மாணவியர் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. மருத்துவப் பாடநூல்களே இதைக் குறிப்பிடுகின்றன. பகிடிவதை, மொழி தெரியாத வகுப்பு, மகாபொல வருவதற்குள் தீர்ந்த காசு, பரீட்சை என யாவும் சேர்ந்து வரும் வருடம் அது. விடுதி அறையிலே ஒருத்தி, 'எனக்கு மூன்று மாதமாக இல்லை' என்று சொன்னால், மற்றவளின் முகத்திலே முதலில் தோன்றுவது என்ன என்பதை நாம் அறிவோம். பட்டம் பெறப்போகும் நாமும் அந்தப் பீலியடியிலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

அரச சுகாதார சேவையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மருத்துவிச்சிமார் மழையிலும் லயம் லயமாக ஏறுவதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் அவர்களுடைய பதிவேடு பெரும்பாலும் திருமணத்தோடு தொடங்குகின்றது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் முதன்மையாக முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை எண்ணி அமைந்தவை. பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்கு இறங்கிய பதினெட்டு வயதுப் பெண், மணமாகும்வரை, தன் மாதவிடாயைப் பற்றிக் கேட்பதற்கு எந்தக் கதவைத் தட்டுவாள்? அவளுக்கென ஒரு கிளினிக் வேண்டும். அங்கே கடைசியாகக் குளித்த திகதியை மட்டும் கேளாது, இரவிலே தூங்குகிறாயா, என்ன சாப்பிட்டாய், வீட்டிலே எவ்வளவு கடன் என்பனவற்றையும் கேட்டு அதே அட்டையிலே எழுதவேண்டும். எங்கள் மருத்துவபீட மாணவர்கள் விடுமுறைக் காலங்களிலே தோட்டங்களில் முகாம் நடத்துவதாயின் இதிலிருந்தே தொடங்கலாம். எல்கடுவப் பக்கம் வருவதாயின் நேரத்தையும் மறவாது பார்த்துக்கொள்க. காலை ஒன்பது மணிக்குக் கிளினிக் வைத்தால் வருபவளுக்கு அரைப்பேர் போய்விடும். மாலைக் கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவள் லயத்துக்குத் திரும்ப ஐந்தரை ஆகும். அதற்குப் பின்னரே வைக்கவேண்டும்.